சாரைக்கு விஷம் இல்லை

நான் எழுதிய ஒரே புத்தகத்தில் ஒரு பொய்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு பக்கம், பன்னிரண்டு பாம்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணச் சித்திரம், விலை நாலணா. அட்டையில் சர்க்கார் முத்திரை உண்டு. என் பெயர் கிடையாது. அப்போது அதற்காக வருத்தப்பட்டேன்.

சர்க்காரில் எங்களுடையது சின்ன இலாகா. அதன் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலூர் லாங் பஜாரில் ஒரு வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் ஆபீஸ். காட்டு மிருகங்களையும் பறவைகளையும் பற்றி இங்கிலீஷில் அச்சாகி வரும் பிரசுரங்களை அடுக்கி, தூசி தட்டி, கேட்டு வருகிறவர்களுக்கு விற்று ரசீது கிழிப்பது என் உத்தியோகம். வாரத்துக்கு ஒருவர் கேட்டு வந்தால் அது நல்ல வாரம். என் பெயர் தேவசகாயம் என்றாலும், குமாஸ்தா என்பதால் எல்லாருக்கும் நான் ரைட்டர்தான்.

வீடு கணியம்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மனைவி அன்னம்மாள் அந்த ஊர்ப் பள்ளியில் டீச்சர். அவளுடைய மூன்றாம் வகுப்பில் சுந்தரி என்று ஒரு பெண் இருந்தாள். மழைக்காலத்தில் விறகுக் கட்டுக்கு அடியில் கிடந்த கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் புதைத்தார்கள். அன்னம்மாள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எது எந்தப் பாம்பு என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சித்திரம் சுவரில் தொங்கியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்கும் என்பாள். "காட்டு மிருகத்துக்குன்னே ஒரு ஆபீஸு வெச்சிக்கினு குந்தினுக்கிறீங்க. ஒரு சித்திரம் போட முடியாதா உங்களால?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதிகாரியை நச்சரித்தேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் இலாகாவில் சல்லிக்காசு கிடையாது. கடைசியில் ஒரு வழி சொன்னார். தமிழில் சின்னதாக ஒரு பாம்புப் புத்தகம் போடுவது. ஆயிரம் பிரதி விற்று வருகிற பணத்தில் நூறு கிராமப் பள்ளிகளுக்குச் சுவர்ச் சித்திரம் அச்சடித்து இலவசமாகக் கொடுப்பது. மார்ச் கடைசிக்குள் ஆயிரமும் விற்க வேண்டும். விற்காவிட்டால் மிச்சப் புத்தகங்கள் கழிவுக் காகிதத்துக்குப் போகும், சுவர்ச் சித்திரத்தை எல்லாரும் மறந்துவிட வேண்டும். இலாகாவில் தர்மத்துக்கும் கடைசித் தேதி உண்டு.

எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். மற்றப் பாம்புகளுக்கு இரண்டு பக்கம் என்றால் சாரைக்கு ஐந்து பக்கம். எங்கள் பக்கத்தில் சாரையை நாகத்தின் புருஷன் என்பார்கள். சாரையைத் தொட்டால் நாகம் தேடி வந்து பழி வாங்கும் என்று சத்தியம் செய்வார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயலில் எலியைத் தின்று வயிற்றைக் கழுவும் அப்பாவிக்கு இப்படி ஒரு சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்களே என்று இருக்கும். "சாரைக்கு விஷம் இல்லை. அது நாகத்தின் ஜோடி அல்ல. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதைக் கொல்ல வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

சித்திரங்களை லாங் பஜாரில் கடைப் பலகை எழுதும் அப்துல் ஹமீத் வரைந்தார். பொறுமைசாலி. பன்னிரண்டு கேட்டேன், பதின்மூன்று கொண்டுவந்தார். நாகத்துக்கு மட்டும் இரண்டு: ஒன்று படம் விரித்து நிற்பது, இன்னொன்று படம் சுருக்கி ஓடுவது. "பயந்து ஓடற நாகம் இப்டித்தான் இருக்கும், ரைட்டர் சார். இதயும் போட்டுடுங்க" என்றார்.

ஒரு வர்ணச் சித்திரத்துக்கு அச்சுத் தகடு செய்ய மெட்ராஸில் பதினெட்டு ரூபாய். அதோடு தாளும் அச்சுக்கூலியும் சேர்ந்தால் புத்தகம் ஐந்தணா ஆகிவிடும். நாலணாவுக்கே வாங்க ஆளில்லாத இடத்தில் ஐந்தணாவுக்கு யார் வாங்குவார்கள்? படம் எடுத்து நிற்கிற நாகம் ஒன்று இருக்கிறதே, அது போதும் என்று முடிவு செய்தேன். பதின்மூன்றாவதை என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

புத்தகம் விற்கவில்லை. டிசம்பர் வரை அறுபத்தொன்று போயிருந்தது. கோயில் வாசலில் நின்றேன். பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினேன். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய் மூன்று பிரதி விற்றேன். அதில் ஒருவர் என் கண் முன்னாலேயே ஒரு தாளைக் கிழித்துப் பட்டாணி மடித்தார். எங்கள் ஊரில் சுந்தரியின் அப்பன் மட்டும் ஒன்று வாங்கினான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. சந்தையிலிருந்து பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

ஜனவரியில் வாஹித் பாஷா மாடிப்படி ஏறி வந்தார். ஆம்பூரில் தோல் ஏஜெண்டு. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் விலை விழுந்து, தோல் பதனிடும் ஷாப்புகள் பாதி மூடிக்கிடந்த காலம் அது. பாம்புத் தோலுக்கு மட்டும் சீமையில் கிராக்கி வந்திருந்தது. அங்கே பெண்களுக்குச் செருப்பும் கைப்பையும் அதில் செய்கிறார்களாம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முந்நூறு பிரதி வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆளுங்க சாரையத் தொட மாட்டேன்றாங்க, ரைட்டர் சார். நாகத்தோட ஜோடியாம், பழி வாங்குமாம். சர்க்கார் முத்திரை போட்டு விஷமில்லேன்னு எழுதிக்கீது பாருங்க, இதப் படிச்சிக் காட்னா பயம் போய்டும்."

கொல்ல வேண்டாம் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறதே என்றேன். அதையும் படித்துக் காட்டுவதாகவும், கேட்கிறவன் கேட்கட்டும் என்றும் சொன்னார். அவருடைய தொழில் அது. நான்தான் யோசித்திருக்க வேண்டும். எழுபது வருஷமோ எழுநூறு வருஷமோ, அந்தப் பயம் சாரைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை நான் நாலணாவுக்கு விற்றேன். ரசீது எழுதும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. நூறு பள்ளிச் சுவர்கள் என் கண்ணில் தெரிந்தன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் அவர் இன்னொரு நானூறு வாங்கினார்.

அன்னம்மாளின் தம்பி இருதயராஜ் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவன். ஆள் குறைப்பில் அவனையும் அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வயசு. அக்கா வீட்டில் சும்மா சாப்பிடுவது அவனுக்கு முள்ளாகக் குத்தும். தட்டில் போட்டதில் பாதியைத் திருப்பிக் கொடுப்பான். பாஷாவின் ஆட்கள் ஊருக்குள் வந்து புத்தகத்தைப் படித்துக் காட்டியதும், சாரை பிடிக்கக் கிளம்பிய முதல் ஆள் அவன். பெரிய தோலுக்கு மூன்றணா. முதல் வாரக் காசில் அக்காவுக்கு ஒரு புடவை எடுத்து வந்தான். என்னிடம், "உங்க புஸ்தகந்தான் மாமா எனக்கு சோறு போடுது" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கரும்புத் தோட்டத்திலிருந்து இருதயராஜ் வந்தான். வலது கட்டைவிரலைத் துணியால் சுற்றியிருந்தான். வரப்பில் எலி வளையிலிருந்து வாலைப் பிடித்து இழுத்தபோது திரும்பிக் கடித்துவிட்டு உள்ளே போய்விட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்னம்மாள் பயந்துபோனாள். வண்டி கட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவன் கேட்கவில்லை. "சாரைதான்க்கா. நீட்டமா, மஞ்சளா, படமே எடுக்கல. மாமா புஸ்தகத்துலயே போட்டுக்குது. நீதான் சும்மா பேஜார் பண்ற" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

படமே எடுக்கவில்லை என்று அவன் சொன்ன உடனே எனக்கு அந்த இழுப்பறை ஞாபகம் வந்தது. ஹமீத் வரைந்த நாகம் கண்முன் ஓடியது. நீளமாக, மஞ்சள் கலந்த பழுப்பாக, படம் சுருக்கி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் வாயைத் திறக்கப் போனேன். அவன் என் புத்தகத்தை மாடத்திலிருந்து எடுத்து சாரைப் பக்கத்தை அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நாகமாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னால், இது ஏன் புத்தகத்தில் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குக் கூச்சப்பட்டேன். சாரையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சாரைன்னா வண்டி எதுக்கு? மஞ்சள் வெச்சிக் கட்டு" என்று அவளிடம் சொன்னேன்.

மூவரும் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தோம். அவன் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தான். அரை மணி கழித்துப் பேச்சுக் குழறியது. தூக்கம் வருகிறது என்றான். கண் இமைகள் தானாகக் கீழே இறங்கின, விரலால் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் வண்டிக்கு ஓடினேன். பாகாயம் தாண்டியபோது அவனுக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், நாகம் என்றார். ஒரு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றும் கேட்டார். அன்னம்மாள் அந்த விரலைத் துணியால் மறுபடி சுற்றினாள். நான் வண்டிக்காரனுக்குக் காசு கொடுக்க வெளியே போனேன்.

அடக்கத்துக்கு வாஹித் பாஷா வந்து கடைசி வரிசையில் நின்று அழுதார். எந்தப் பாம்பு என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அன்னம்மாள் தம்பியைத்தான் குறை சொன்னாள். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அவசரம், சித்திரத்தை நிதானமாகப் பார்த்திருந்தால் நாகம் எது சாரை எது என்று தெரிந்திருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அழுதுகொண்டே அவனைத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு மாதம் கேட்டேன். செத்துப்போனவன்மேல் பழி போனதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மிச்சத்தைத் தோலுக்குப் பாம்பு பிடிக்கிறவர்கள் கேட்டு வாங்க, மார்ச் முடிவதற்குள் ஆயிரமும் தீர்ந்தது. அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜூனில் பள்ளி திறக்கும் சமயம் சுவர்ச் சித்திரங்கள் மெட்ராஸிலிருந்து சுருள் சுருளாக வந்து இறங்கின. அதே தகடுகளை வைத்து அச்சடித்தவை. பன்னிரண்டு பாம்புகள். நாகம் கம்பீரமாகப் படம் விரித்து நின்றது. சாரைக்குக் கீழே தடித்த எழுத்தில் என் வாக்கியம்.

அதிகாரியிடம் போனேன். அனுப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். சித்திரத்தில் பிழை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. வாசகத்தில்? இல்லை. பிறகென்ன என்றார். நாகம் எப்போதும் படம் எடுத்தபடி இருக்காது என்று ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒட்டிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆயிரம் பேர் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் கோளாறு என்று நாமே தமுக்கடிப்பதா என்றார். இரண்டாம் பதிப்பு இரண்டாயிரம் போடப் போகிறோம், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் மச்சான் செத்துப்போனான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நல்ல மனுஷர் நிறுத்தியிருப்பார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். எப்படிச் செத்தான் என்று கேட்பாரே. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் சுருளை அன்னம்மாளின் பள்ளிக்கு நானே எடுத்துப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது உத்தரவு. அவள் அதை மேசைமேல் விரித்து, சுருட்டிக்கொள்ளாமல் நாலு மூலையிலும் ஸ்லேட்டு வைத்து, கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு ஸ்டூல்மேல் ஏறி ஆணி அடித்து மாட்டினாள். நான் கடைசிச் சுவரோரம் நோட்டும் பென்சிலுமாக நின்றேன்.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. விரியன் எது என்று கேட்டாள், முப்பத்தெட்டுக் கைகளும் சரியாக நீண்டன. மலைப்பாம்பு எது? சரி. சாரைக்கு விஷம் உண்டா? இல்லை டீச்சர் என்று ஒரே குரல். நாகம் எது, எப்படித் தெரியும்? படம் எடுக்கும் டீச்சர்.

"ஆமா" என்றாள். "எந்தம்பி இருந்தானே, உங்களுக்கெல்லாம் மாங்கா பறிச்சிக் குடுப்பானே. அவன் அவசரத்துல சித்திரத்தப் பாக்காமப் போய்ட்டான். பாத்திருந்தா செத்திருக்க மாட்டான். நீங்க நல்லாப் பாத்துக்குங்க."

பிள்ளைகள் நாகத்தின் சித்திரத்தை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேரின் அப்பன்மார் தோல் ஷாப்பில் வேலை போனவர்கள். சாயந்திரம் சாரை பிடிக்கக் கரும்புத் தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் யார் யார் என்று எனக்கே தெரியும்.

"அன்னம்மா, அது அவன் தப்பில்ல" என்றேன்.

அவள் திரும்பினாள். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். நான் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்; பதின்மூன்றாவது சித்திரம், பதினெட்டு ரூபாய், இழுப்பறை. அவள் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வண்டி எதுக்குன்னு சொன்னீங்களே அன்னிக்கி. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

சந்தேகம் வந்தது என்பதுதான் அதற்குச் சரியான பதில். வார்த்தைகளை நிறுத்துப் போடுவதில் நான் கெட்டிக்காரன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வரவில்லை. தெரியும் என்றேன்.

அவள் கையை ஓங்குவாள் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பின் முன்னால் போய் நின்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "பசங்களா, இதுல ஒரு பாம்பு இல்ல. இதை எழுதினவரு அதோ நிக்கிறாரு. அவரே வந்து போட்டுக் காட்டுவாரு" என்று சொல்லிவிட்டு, சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்தாள். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தபடி நின்றுவிட்டாள்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடந்து போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தேன். எட்டு மாதம் பாம்புகளைப் பற்றி எழுதியவனுக்கு ஒரு பாம்பு வரையத் தெரியாதா என்றுதான் தொடங்கினேன். கரும்பலகையில், படம் சுருக்கி ஓடும் நாகத்துக்குத் தலை போட்டேன், கழுத்துப் போட்டேன், உடம்பை நீட்டி வால் வரைக்கும் இழுத்தேன். சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். கழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கினேன், மறுபடி அழித்தேன். கை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. மூன்றாம் தடவை போட்டு முடித்து, விலகி நின்று, இது என்ன பாம்பு, சொல்லுங்கள் என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

"சாரைங்கய்யா. விஷம் இல்ல."